மெற்றில்டாவுக்கு நாங்கள் செய்த உதவி

1

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணியோடு நின்றபோது, றெஜி தன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இங்கே மாதத்தில் ஒரு தடவைதான் தமிழில் பூசை. சுற்றியுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் கார் ஓடி வருவோம். பூசையைவிட, பிறகு கிடைக்கும் ரோல்ஸும் ஊர்க்கதையும்தான் பலரை இழுத்து வருகின்றன என்று பாதருக்கும் தெரியும்.

தொலைபேசியில் ஒரு வயோதிபர். ஊரில் ஏதோ ஒரு கடை வாசலில் சாக்கு விரித்து இருக்கிறார். ஒரு இளைஞன் குந்தியிருந்து மைக்கை நீட்டி, "ஐயா, கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்கிறான். பின்னால் வயலின் அழுகிறது.

"செலின் அக்கா, நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து அனுப்புறம். நீங்களும் போடுங்கோ," என்றாள் றெஜி.

"நான் இல்லை, றெஜி."

அவள் நான் பகிடி விடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு முகம் மாறியது.

"உங்களுக்கு என்ன அக்கா நடந்தது? மெற்றில்டா அன்ரிக்கு நீங்கள்தானே முன்னுக்கு நிண்டு சேர்த்தனீங்கள்?"

"ஓம். அதாலதான்."

அவள் தொலைபேசியோடு அடுத்த மேசைக்குப் போனாள். அங்கே இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கஞ்சப்பிசினாரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். மண்டபத்தில் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு சொல்லி முடிக்கக்கூடிய கதையல்ல அது. ஆகவே ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். மெற்றில்டா என்பது அவளுடைய பெயரல்ல. வேறு சிலதையும் மாற்றியிருக்கிறேன். நீங்கள் அந்த வீடியோக்களைப் பார்த்து, ஆளைக் கண்டுபிடித்துவிட்டால், தயவுசெய்து உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

2

டென்மார்க்கின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரம் எங்களுடையது. காற்று மன்னார்த் தீவுக் காற்றைப்போல விடாமல் அடிக்கும். ஆனால் அதில் மீன் மணம் இல்லை, குளிர் மட்டும்தான். ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. விடியக் கருக்கலில் போய், மற்றவர்களுடைய தாய் தகப்பனின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, மடித்து, அடுக்கிவிட்டு மத்தியானம் திரும்புவேன்.

வரும் வழியில் சுப்பர்மார்க்கெட் வாசலில் ஒரு இயந்திரம். வெற்றுப் போத்தலையும் ரின்னையும் அதற்குள் போட்டால் காசுக்கான துண்டு வரும். இந்த நாட்டில் தெருவில் கை நீட்டிக் கேட்பது சட்டப்படி குற்றம். அதனால் இல்லாதவர்கள் கேட்பதில்லை. குப்பைத் தொட்டிகளைக் கிளறிப் போத்தல் பொறுக்குகிறார்கள். இங்கத்தைய ஆட்களும் போத்தலைத் தொட்டிக்குள் எறியாமல் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள், எடுக்கிறவர் கையை உள்ளே விடாமல் எடுக்கட்டும் என்று. கொடுக்கிறவரை எடுக்கிறவர் காண்பதில்லை.

வந்த புதிதில், மொழி வகுப்பில், ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வீர்கள் என்று ரீச்சர் கேட்டார். கோயிலுக்குச் செபிக்கப் போவோம் என்று சொல்ல வெளிக்கிட்டேன். டெனிஷில் செபிப்பதற்கும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கும் ஒரே சொல்தான். பிச்சை கேட்பதற்கு மட்டும் வேறு சொல். நான் அந்த வேறு சொல்லைப் போட்டுவிட்டேன். "ஞாயிற்றுக்கிழமையில் குடும்பமாகக் கோயிலுக்குப் பிச்சை எடுக்கப் போவோம்." சோமாலியப் பெண்ணிலிருந்து பொஸ்னியக் கிழவர் வரை எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுகை வந்தது, ஏனென்று இப்போதும் தெரியாது.

என் மகள் மரீனா இங்கே பிறந்தவள். கொப்பன்ஹேகனில் நகரசபையின் சமூகநலப் பிரிவில் வேலை. வீடில்லாதவர்கள், குடிக்கு அடிமையானவர்கள் ஆகியோரின் விசயங்களைக் கவனிப்பது அவளுடைய வேலை. என்னோடு தமிழில்தான் கதைக்கத் தொடங்குவாள். இரண்டாவது வசனத்தில் டெனிஷுக்குத் தாவிவிடுவாள். முக்கியமான எதையும் தமிழில் சொல்ல அவளுக்கு வராது. முக்கியமான எதையும் டெனிஷில் சொல்ல எனக்கு வராது. அப்படித்தான் எங்கள் காலம் போகிறது.

3

முதல் வீடியோவை அனுப்பியது என் அக்கா. அவ மன்னார் ரவுணில் இருக்கிறா. "இதில இருக்கிறது ஆரெண்டு பார்" என்று மட்டும் குரலில் சொல்லியிருந்தா.

மன்னார் பஸ் நிலையம். பயணிகள் இருக்கும் சீமெந்து வாங்குக்குக் கீழே, தூணில் சாய்ந்து ஒரு பெண். ஒரு பாதத்தில் பாதிதான் இருந்தது. மிச்சத்தைச் சுற்றி அழுக்குத் துணி. இப்படி வீடியோ போட்டு உதவி சேர்க்கும் அதே இளைஞன் கேட்கிறான்:

"அம்மா, உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"நான் இருக்கிறன்," என்கிறாள் அவள்.

அந்தப் பதிலில்தான் அடையாளம் கண்டேன். மெற்றில்டா. பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் எங்கள் கரையூரில் எங்களுக்கு அடுத்த வளவு. சின்ன வயதில் தாயோடு சந்தியில் கருவாடு விற்பாள். விலையை ஒரு தடவைதான் சொல்வாள், நீர்கொழும்பு வியாபாரிகள் வந்தால் சிங்களத்தில். யாராவது குறைத்துக் கேட்டால் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிவிடுவாள். பங்குச் சுவாமி கேட்டாலும் அப்படித்தான்.

சண்டை வந்தபோது எங்கள் ஊர் இரண்டாகக் கிழிந்தது. நாங்கள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து நான் இங்கே வந்தேன். அவர்கள் படகேறி இராமேஸ்வரம் போனார்கள். தமிழ்நாட்டு அகதி முகாமில்தான் அவள் கலியாணம் முடித்தாள். கட்டடங்களுக்குப் பெயின்ற் அடிக்கப் போன கணவன் சாரக்கட்டிலிருந்து விழுந்து செத்துப்போனான். பிள்ளை இல்லை. சண்டை முடிந்து சில வருடங்களில் தனியாகத் திரும்பி வந்தாள். தகப்பனின் காணி யார் யாரோ கைக்கு மாறியிருந்தது. கருவாட்டு வாடியில் நாள் கூலிக்கு மீன் வெட்டி உப்புப் போட்டாள். சீனி வருத்தம் இருந்தது அவளுக்கே தெரியாது. காலில் பட்ட ஒரு சின்னக் காயம், உப்புத் தண்ணியில் நின்று நின்று அழுகி, கடைசியில் ஆஸ்பத்திரியில் பாதியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு வாடியில் நிற்க முடியவில்லை. பஸ் நிலையத்துக்கு வந்தாள்.

இதெல்லாம் அந்த வீடியோவில் சொல்லப்பட்டது. முடிவில் அவள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். வயலின் அழுகிறது. பார்த்துக்கொண்டிருந்த நானும் அழுதேன்.

4

அந்தக் கிழமையே இங்கே சேர்க்கத் தொடங்கினேன். றெஜி, அவளுடைய அண்ணன்மார், சலவைப் பகுதியில் என்னோடு நிற்கும் போலந்துக்காரி வரை எல்லோரும் தந்தார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் முகம் தெரியாத ஆட்கள் அந்த இளைஞனுக்கு அனுப்பினார்கள். ஊருக்குப் போன காசு பற்றி இவ்வளவு சந்தோசமாக நான் முன்பு ஒருநாளும் இருந்ததில்லை.

மரீனாவுக்கு வீடியோவைக் காட்டினேன். அவள் முழுவதையும் பார்க்கவில்லை.

"அம்மா, இவவிட்ட ஆரும் கேட்டவையா, இதைப் போடலாமோ எண்டு?"

"கேட்டிருப்பினம்."

"பசியில இருக்கிற ஆளிட்ட கேக்கிறது கேள்வி இல்லை." அதோடு டெனிஷுக்கு மாறினாள். ஒருவருடைய முகத்தைக் காட்டிச் சேர்க்கிற காசு, அந்த முகத்துக்கான விலை என்றாள். கை நீட்டுகிறவருக்குக் காசு கொடுத்தால், கை நீட்டிய இடத்திலேயே அவரைக் கட்டிப்போடுகிறோம் என்றாள். அவள் படித்தது அதைத்தான்.

"அப்ப என்ன செய்யிறது? அவவைப் பசியோட விடச் சொல்லுறியோ?"

"அங்க ஒரு கந்தோர் இல்லையா இதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கந்தோர், ஒரு அரச அலுவலகம், இருக்கிறது. அதைச் சொன்னதும் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். சில மாதம் ஞாயிறுகளில் குறுஞ்செய்தி மட்டும்தான் வந்தது.

காசு வீடு கட்டப் போதுமான அளவு வந்திருந்தது. ஆனால் மெற்றில்டாவுக்குக் காணி இல்லை. அப்போதுதான் அவளுடைய அண்ணன் சூசை வந்தார். தீவைவிட்டு வெளியே, நறுவிலிக்குளத்தில் கலியாணம் கட்டி, வயல் செய்துகொண்டிருந்தவர். தங்கச்சி பஸ் நிலையத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தும் வெட்கத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருந்தவர். தன் வளவில் ஒரு மூலையைத் தருகிறேன் என்றார். இரண்டு அறை, குசினி, தண்ணீர்த் தாங்கி. வீடு குடிபூரல் வீடியோவில் மெற்றில்டா புதுச் சேலையோடு கதிரையில் இருந்தாள். நாடாவை வெட்டச் சொன்னார்கள். வெட்டினாள். கடலைப் பார்த்து வளர்ந்தவளின் வீட்டு வாசலில் நெல் வயல். இங்கே மண்டபத்தில் அதைப் பெரிய திரையில் போட்டுக் கைதட்டினோம்.

5

அந்த இளைஞன் அவளுக்கு ஒரு தொலைபேசியும் வாங்கிக் கொடுத்திருந்தான். பல வருடங்களுக்குப் பிறகு அப்படித்தான் நாங்கள் கதைத்தோம்.

"எடி செலின், நீ அழுதனியாமே வீடியோ பார்த்து?" என்றாள். அவளுடைய பேச்சில் முகாம் தமிழ் இடைக்கிடை எட்டிப் பார்க்கும். "நான் அழேல்லை தெரியுமோ? முதல்தரம் கேக்கேக்க நான் அழேல்லை. 'அழவேணுமோ தம்பி?' எண்டு கேட்டன். அதை வெட்டிப்போட்டுத் திருப்பி எடுத்தவன்."

"அவன் அப்படிச் செய்தது பிழை."

"அவனில பிழையில்லை. நான் அழாட்டி நீங்கள் அனுப்பமாட்டியளாம். உண்மைதானே?"

அவள் சிரித்தாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அண்ணன் வீட்டிலிருந்து சாப்பாடு வரும். மருந்துக்கு ஆஸ்பத்திரி போக சூசையின் மகள் மோட்டார்சைக்கிளில் ஏற்றிச் செல்வாள். பிறகு மாதாமாதம் வந்துகொண்டிருந்த அரச உதவிப்பணம் நின்றது. கிராம அலுவலர் வந்து பார்த்து, இவருக்கு நிரந்தர வீடு இருக்கிறது என்று எழுதினார். அவர் பொய் எழுதவில்லை. வீடு இருந்ததுதான். மேன்முறையீட்டுக்குப் பிரதேச செயலகம் போகவேண்டும். பஸ் எப்போதாவதுதான் வரும். போனாலும், "வெளிநாட்டு உதவி கிடைச்ச ஆள்தானே அம்மா" என்பார்கள்.

நானும் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆனால் கட்டிய வீட்டைக் கண்ட பிறகு மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதுவும் நியாயம்தான், வேறு முகங்கள் வந்துகொண்டிருந்தன.

ஒருநாள் அவள் தொலைபேசி எடுத்தாள். குரலில் ஒரு துள்ளல்.

"ஒரு விசேசம் சொல்லவேணும். அண்ணையின்ர பெட்டைக்குக் கலியாணம் சரிவந்திட்டுது."

"நல்லதுதானே."

"மாப்பிள்ளை பகுதி வீடு கேட்டது. அண்ணையிட்ட எங்க வீடு? இந்தமுறை வயலும் தண்ணியில்லாமல் போச்சு. நான் சொன்னன், இந்த வீட்டைக் குடுங்கோ எண்டு. காணியும் அவற்றதானே. எழுதியாச்சு."

"மெற்றி, அது உனக்கெண்டு கட்டினது."

"எனக்கெண்டு தந்தால் என்ர தானே? என்ரயை நான் குடுத்தன்." பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள். "செலின், நீ இதைப் பிழையா எடுக்காத. நாலு பேரிட்ட வாங்கித் திண்டு எவ்வளவு காலம். குடுக்கிற ஆளாயும் ஒருக்கா இருந்து பாப்பம் எண்டு நினைச்சன். கலியாணக் கூறை எடுக்க என்னைத்தான் முன்னுக்கு விட்டவை. அண்ணை என்ர கையைப் பிடிச்சு அழுதவர். அந்தப் பெட்டை என்ர காலில விழுந்து கும்பிட்டது, இந்த அரைக் காலில."

கொடுப்பது சந்தோசம் என்பது எனக்கும் தெரியும். அவளுக்காகக் காசு சேர்த்தபோது நானும் அதைத்தானே அனுபவித்தேன். அந்தச் சந்தோசம் எனக்கு இருக்கலாம், அவளுக்கு இருக்கக்கூடாது என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலுக்கு அவள் மாறினாள். கொஞ்ச நாளுக்குத்தானே என்று சொன்னாள்.

6

லண்டனிலிருந்து ஒரு குடும்பம் விடுமுறைக்கு ஊருக்குப் போனது. தாங்கள் காசு கொடுத்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று நறுவிலிக்குளம் போயிருக்கிறார்கள். வாசலில் புது மாப்பிள்ளையின் மோட்டார்சைக்கிள் நின்றது. மெற்றில்டா பின்னால் கொட்டிலில் இருந்தாள்.

அவர்கள் எரிந்து விழுந்தார்கள். காசு கொடுத்தவர்கள் எல்லோரும் அந்த இளைஞனிடம் கணக்குக் கேட்டார்கள். அவன் பயந்துவிட்டான். தான் திருடவில்லை என்று காட்ட அவனுக்கு ஒரு வழிதான் தெரிந்திருந்தது. மைக்கோடு போனான்.

இரண்டாவது வீடியோவில் வயலின் இல்லை. "எங்கட உறவுகள் குளிருக்குள்ள உழைச்சு அனுப்பின காசம்மா. ஏன் இப்படிச் செய்தனீங்கள்?" என்று கேட்கிறான். அவள் கொட்டில் வாசலில் நின்று, கமராவைப் பார்க்கிறாள். பிறகு முகத்தைத் திருப்புகிறாள். அந்தப் பக்கம் கடல் இல்லை, ஒரு மாட்டுக்கொட்டில்தான் இருந்தது.

கீழே வந்த கருத்துகளை நான் வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது. ஏமாற்றுக்காரி என்றார்கள். பிச்சை எடுத்துச் சீதனம் கொடுத்தவள் என்று சிரித்தார்கள். இவள் இந்தியாக்காரி, எங்கட ஆள் இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். முகாமில் இருந்தபோது அங்கே அவளைச் சிலோன்காரி என்றுதான் கூப்பிட்டார்களாம். எங்கள் மண்டபத்திலும் கதைத்தார்கள். "இதுக்குத்தான் உதவி செய்யக்கூடாது எண்டுறது" என்றார் ஒருவர். வீடு திறந்த வீடியோவுக்கு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அவர்.

நான் எடுத்தபோது அவள் ஒரு தடவைதான் பதில் சொன்னாள்.

"அண்ணை வீட்டில ஒண்டும் சொல்லேல்லை. சோறு தருவினம். ஆனா மாப்பிள்ளைக்கு வெக்கமாக் கிடக்காம், எல்லாரும் வந்து எட்டிப் பாக்கினமெண்டு. நான் ரவுணுக்குப் போறன், செலின்."

"பஸ் ஸ்ராண்டுக்கோ?"

"வேற எங்க?"

அங்கே என்ன நடந்தது என்று அக்கா சொன்னா. முன்பு சில்லறை போட்டவர்கள் போடவில்லை. "உனக்கு லண்டன் காசு வருகுதுதானே" என்றார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் முன்பு காலையில் பணிஸ் கொடுப்பவர். அவரும், வாடிக்கையாளர் குறை சொல்கிறார்கள், வேறு இடம் பாருங்கோ அம்மா என்றிருக்கிறார். பெடியன்கள் தொலைபேசியை நீட்டிப் படம் எடுத்தார்கள். மடுக் கோயில் திருவிழாவுக்குப் போய் வாசலில் இருந்து பார்த்தாள். திருக்கேதீஸ்வரத்துக்கும் போனாளாம். எல்லா இடத்திலும் யாராவது ஒருவருக்கு முகம் தெரிந்திருந்தது.

கடைசியாக ஒரு குரல்செய்தி எனக்கு வந்தது. "முந்தி என்னை ஒருத்தருக்கும் தெரியாது, குடுத்தவை. இப்ப எல்லாருக்கும் தெரியும். எனக்கு இப்ப பிச்சை எடுக்கவும் ஏலாது, செலின்." பின்னால் பஸ் ஹோர்ன் சத்தம். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

7

அக்காவின் மகனுடைய கலியாணத்துக்கு ஊருக்குப் போனேன். மரீனாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்கவுமில்லை என்று நினைக்கிறேன். ஆனால் புறப்படுகிற அன்று எடுத்து, "மெற்றில்டாவைக் கண்டால்…" என்று தமிழில் தொடங்கினாள். மிச்சத்துக்குச் சொல் தேடினாள். எந்த மொழியிலும் கிடைக்கவில்லை. "கவனமாய்ப் போயிட்டு வாங்கோ," என்று வைத்துவிட்டாள்.

நறுவிலிக்குளத்துக்கு ஓட்டோ பிடித்துப் போனேன். வீட்டுக்குப் புதுப் பச்சைப் பெயின்ற் அடித்திருந்தது. உள்ளே பிள்ளையின் தொட்டில் ஆடியது. சூசையண்ணை வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்தார்.

"வாங்கோ தங்கச்சி, இருங்கோ," என்று கதிரையை இழுத்துப் போட்டார். தான் நிலத்தில் இருந்தார்.

"அவள் எங்க அண்ணை?"

"தேடாத இடமில்லை. முசலிப் பக்கம் கண்டதெண்டாங்கள், போனன். வவுனியா ஆஸ்பத்திரியும் பார்த்தன்." அவர் கையில் இருந்த துவாயைப் பிழிந்துகொண்டே இருந்தார். "தங்கச்சி, நான் அவளைப் போகச் சொல்லேல்லை. சத்தியமா. போட்ட சோத்தை அவள் தின்னமாட்டாள். 'கேட்டுத் தின்னுறதெண்டால் தெருவில கேக்கிறன், அங்க ஆக்கள் மாறி மாறி வருவினம், இங்க ஒரே ஆக்களிட்டயெல்லோ கேக்கவேணும்' எண்டாள்."

"வீட்டை வாங்காமல் விட்டிருக்கலாமே அண்ணை?"

உள்ளே பிள்ளை சிணுங்கியது, தாய் தாலாட்டினாள்.

"விட்டிருந்தால் இந்தப் பெட்டை இண்டைக்கும் கலியாணமில்லாமல்தான் இருந்திருப்பாள். அப்ப மெற்றில்டாதான் என்னைக் கேட்டிருப்பாள், ஏன் அண்ணை வேண்டாமெண்டனீங்கள் எண்டு. எனக்கு ஒரு வழியும் தெரியேல்லை, தங்கச்சி. உங்களுக்குத் தெரிஞ்சால் சொல்லுங்கோ."

எனக்கும் தெரியவில்லை. கொடுக்காமல் விட்டிருந்தால் அவள் அந்தத் தூணடியில் இருந்திருப்பாள், புண் ஏறிச் செத்தும் போயிருக்கலாம். கொடுத்தோம். கொடுத்ததால் அந்தத் தூணும் அவளுக்கு இல்லாமல் போயிற்று. நல்ல மனதில்லாத ஒருவரைக்கூட இந்தக் கதையில் என்னால் காட்ட முடியவில்லை. காட்ட முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

சூசையண்ணையின் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். பெயரென்ன என்று கேட்டேன். மெற்றில்டா என்றாள்.

8

திரும்பும்போது நீர்கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அங்கிருந்து விமான நிலையம் போவதாக ஏற்பாடு. மன்னாரிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு, ஒரு சிங்கள ஊரில் நீர்கொழும்பு பஸ்ஸுக்கு மாறினேன். அந்த ஊரின் பெயரை எழுதமாட்டேன்.

பட்டப்பகல் வெயில். பஸ் நிரம்பும்வரை சாரதி எடுக்கவில்லை. கச்சான் விற்கிறவன் ஏறி இறங்கினான். லொத்தர் விற்கிறவன் ஏறி இறங்கினான். பிறகு முன்கதவால் ஒரு பெண் ஏறினாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சீலை, விகாரைக்குப் போகிற சிங்களப் பெண்களைப்போல. தடி ஊன்றியிருந்தாள். மணிக்கட்டில் பௌத்தர்களின் வெள்ளை நூல் கட்டியிருந்தது.

"அனே, பிங் சித்த வெய். கீயக் ஹரி தென்ன." புண்ணியம் கிடைக்கும், எவ்வளவாவது தாருங்கள். திருத்தமான சிங்களம். எங்கும் தட்டுப்படவில்லை.

நான் பையைத் திறக்கக் குனிந்தபோதுதான் காலைக் கண்டேன். பாதிப் பாதம். நிமிர்ந்தேன். மெலிந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆட்கள் தாராளமாகத்தான் கொடுத்தார்கள். ஒரு மாணவி கொடுத்தாள். ஒரு சிப்பாய் எழுந்து தன் இருக்கையைப் பிடித்து நிற்க இடம் விட்டுக் கொடுத்தான். அங்கே யாரும் அவளை வீடியோவில் கண்டிருக்கவில்லை. அவர்களுக்கு அவள் ஒரு கால் ஊனமான ஏழைப் பெண், அவ்வளவுதான்.

என் வரிசைக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள்.

என் வாய் அவளுடைய பெயரைச் சொல்லத் திறந்தது. அவள் தலையை ஆட்டினாள். மிகச் சிறிதாக, ஒரே ஒரு தடவை. வேண்டாம்.

இரண்டு வரிசை பின்னால் யாரோ தமிழில் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அதைக் கேட்டிருக்கவேண்டும்.

கையில் அகப்பட்ட நோட்டுகளை எடுத்து அவளுடைய கைக்குள் வைத்தேன். விரல்களை ஒரு கணம் பிடித்தேன். சூடாக இருந்தன, காய்ச்சல்போல. அவள் கையை மெதுவாக இழுத்தெடுத்தாள். காசை நெற்றியில் தொட்டு, மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில், அதே வேகத்தில் சொன்னாள்:

"புதுசரணை, நோனா."

புத்தர் துணையிருக்கட்டும், அம்மணி.

அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். பிறகு பின்கதவால் இறங்கினாள். சாரதி ஏறி எஞ்சினை முடுக்கினான். நான் அழுதுகொண்டிருந்திருக்கவேண்டும், ஏனென்றால் பக்கத்து இருக்கையில் இருந்த சிங்களப் பெண் என் முழங்கையைத் தொட்டு, கீழே கையைக் காட்டி, "அந்துனனவத?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அந்தச் சொல் இருந்தது. அவளைத் தெரியுமா?

"நே," என்றேன். இல்லை.

அவள் தலையாட்டிவிட்டு, காற்றுக்காக ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். வெளியே மெற்றில்டா தடியைக் கக்கத்தில் இடுக்கி, கம்பியைப் பிடித்து, முழுப் பாதத்தை முதலில் வைத்து, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள்.